வராத மாப்பிள்ளைக்கு ஒரு வால்வு

1998-ம் வருடம், பங்குனி மாதப் பௌர்ணமி. எனக்குப் பதினேழு வயது. ப்ளஸ் டூ பரீட்சை எழுதி முடித்துச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. திருவண்ணாமலை செங்கம் சாலைப் பக்கம் அக்னி லிங்கத்து வாசலில், காலை ஆறு மணிக்கு, கிரிவலம் போகிற கூட்டத்தை வேடிக்கை பார்க்கிறவள்போல உட்கார்ந்திருந்தேன். வேடிக்கையாவது ஒன்றாவது. எழுந்து நிற்கத் தெம்பில்லை. எங்கள் தெருப் பெண்களிடம் "நீங்க போய்க்கினே இருங்க, அம்மா வந்ததும் வரேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டு, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன்.

என் கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொன்னால்தான் புரியும். ஒன்பது வயதில் எனக்கு இதய ஆபரேஷன் நடந்தது. தொண்டை வலியில் ஆரம்பித்த காய்ச்சல் மூட்டுக்கு மூட்டு தாவி, கடைசியில் இதயத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. வால்வு ஒன்று கெட்டுவிட்டது. வால்வு என்பது கதவு மாதிரி. ரத்தத்தை உள்ளே விட்டுவிட்டு, திரும்பி ஓடாதபடி சாத்திக்கொள்ள வேண்டும். என் கதவு சாத்துவதை நிறுத்திவிட்டது. சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அதை எடுத்துவிட்டு, பக்குவம் செய்த பன்றி வால்வு ஒன்றை வைத்தார்கள்.

எங்கள் வீட்டில் முட்டைகூட நுழையாது. அப்பா மாட வீதியில் சாமி படங்களுக்குக் கண்ணாடி போட்டு பிரேம் மாட்டிக் கொடுக்கும் கடை வைத்திருந்தார். வெங்காயம் உரித்த கையோடு படத்தைத் தொட்டால்கூடத் திட்டுவார். அப்படிப்பட்டவர், "பன்னியோடது, பரவால்லையா?" என்று டாக்டர் கேட்டதும் ஒரு நொடிகூட யோசிக்காமல் தலையாட்டினாராம். ஆனால் ஊர் திரும்பியதும் கேட்டவர்களிடமெல்லாம் பிளாஸ்டிக் என்று சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்தில் நானும் பிளாஸ்டிக் என்றே சொல்லிப் பழகினேன். வெளியில் உண்மை தெரிந்தவர் ஒரே ஒருவர். அப்பாவின் அக்கா, என் அத்தை. அடுத்த தெரு. அப்பா ஆணி அடிப்பதென்றால்கூட அவளைக் கேட்டுவிட்டுத்தான் அடிப்பார்.

நான் பிழைத்தால் மாதா மாதம் பௌர்ணமிக்குக் கிரிவலம் வருவேன் என்று அப்பா அண்ணாமலையாரிடம் வேண்டிக்கொண்டிருந்தார். அவர் வருவேன் என்றால் நான் வருவேன் என்று அர்த்தம். பௌர்ணமியன்று அவருக்குக் கடையில் வேலை ஜாஸ்தி. வேண்டிக்கொண்டவர் பிரேம் மாட்ட, நான் பதினோரு வயதிலிருந்து பதினான்கு கிலோமீட்டர் நடந்துகொண்டிருந்தேன். குறை சொல்லவில்லை, எனக்கு அது பிடித்தும் இருந்தது. மலையைச் சுற்றி எட்டு லிங்கம். இந்திர லிங்கத்தில் ஆரம்பித்தால் ஈசான்ய லிங்கத்தில் முடியும். நடுவில் அடி அண்ணாமலையில் நின்று நிதானமாக ஒரு டீ. எல்லாரையும்போல நானும் நடந்தேன், எல்லாரையும்விட வேகமாகவும் நடந்திருக்கிறேன்.

அந்த வருடம் மார்கழியில் முதல் முறையாக வாயு லிங்கத்தோடு நின்றுவிட்டேன். அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்து, சுற்றி முடித்தாயிற்று என்று சொன்னேன். தையில் வருண லிங்கத்தோடு நின்றேன். மாசியில் நிருதி லிங்கம். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. பரீட்சை போய்விடும் என்பது எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம். உள்ளே இருந்த காரணம் வேறு. எனக்குத் தெரிந்துவிட்டது. என் நெஞ்சில் நடப்பது எனக்குத் தெரியாதா? மறுபடியும் அந்தக் கத்தி, அந்தக் குழாய்கள். பயத்தில் நான்கு மாதம் பொய் சொன்னேன். இதை எங்கும் மறைத்ததில்லை, இங்கும் மறைக்கப்போவதில்லை.

அம்மா எப்போதும் வீட்டு வேலையை முடித்துவிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் நடக்கத் தொடங்குவாள். அன்று அக்னி லிங்கத்து வாசலில் என்னைப் பார்த்துவிட்டாள். இங்கே என்ன செய்கிறாய் என்று கேட்டாள். உனக்காகத்தான் காத்திருக்கிறேன் என்றேன். பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகில் கையை வைத்தாள். அந்தக் கையை எடுக்கவே இல்லை.

"எத்தினி மாசமா?" என்றாள்.

"நாலு."

திட்டவில்லை. திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். எழுந்து போய் ஒரு ஆட்டோவை நிறுத்தினாள்.

அந்த வாரமே சென்னைக்குப் பஸ் ஏறினோம். முதலில் ஒரு இளம் டாக்டர் பார்த்தார். எவ்வளவு தூரம் நடந்தால் மூச்சு வாங்குகிறது என்று கேட்டார். எனக்குக் கிலோமீட்டர் கணக்கு வரவில்லை. "மார்கழியில வாயு லிங்கம் வரைக்கும் சார். தையில வருண லிங்கம். மாசியில நிருதி. இப்ப அக்னி லிங்கமே தாண்ட முடியல" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், பேனாவை மூடினார். பெண்ணுக்குச் சாமி வந்துவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ. பிரஷர் பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ் போளூர்க்காரர். அவர்தான் சிரித்துக்கொண்டே, இந்த லிங்கம் இத்தனையாவது கிலோமீட்டர், அது இத்தனையாவது என்று சொல்லிக் கொடுத்தார். டாக்டரின் முகம் மாறிவிட்டது. பதினான்கு கிலோமீட்டர் நடந்துகொண்டிருந்தவள் நான்கு மாதத்தில் இரண்டுக்கு வந்திருந்தேன். என் பைலில் அக்னி லிங்கம் என்று இங்கிலீஷ் எழுத்தில் எழுதிவைத்தார்.

எக்கோ எடுத்த பிறகு பெரிய டாக்டர் கூப்பிட்டார். வால்வு விறைத்துப்போய்விட்டது, சுண்ணாம்பு படிந்திருக்கிறது, திறக்கவே மாட்டேன் என்கிறது, சீக்கிரம் மாற்றியாக வேண்டும் என்றார். அப்பா, கேரண்டி முடிவதற்குள் ரிப்பேரான மின்விசிறியைத் தூக்கிக்கொண்டு வந்தவர் மாதிரி, "பத்து வருஷம் தாங்கும்னு சொன்னீங்களே சார், எட்டுதான ஆவுது" என்றார். பத்து, பதினைந்து என்பதெல்லாம் பெரியவர்களுக்கு, குழந்தைகளுக்குச் சீக்கிரம் போய்விடும் என்று அன்றைக்கே சொன்னோமே என்றார் டாக்டர். வளர்கிற உடம்பு எலும்புக்காகச் சேர்க்கிற சுண்ணாம்புச் சத்து இந்த வால்வின் மேலும் படிந்துவிடுமாம். அதனால்தான் வருடா வருடம் வரச் சொன்னார்களாம். முதல் மூன்று வருடம் போனோம். அப்புறம், நன்றாகத்தானே இருக்கிறாள் என்று விட்டுவிட்டோம். அப்பாவின் காதில் அன்று விழுந்தது பத்து என்ற எண் மட்டும்தான்.

டாக்டர் மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார். ரத்தம் கொடுக்க ஆட்களைத் தயார் செய்யச் சொன்னார். இன்னொன்றும் சொன்னார். இந்த முறை இரண்டு வழி இருக்கிறது. மறுபடியும் மிருக வால்வு வைக்கலாம், ஆனால் அதுவும் சில வருடத்தில் போகும், மூன்றாவது முறை திறக்க வேண்டிவரும். உலோக வால்வு வைத்தால் பெரும்பாலும் ஆயுசுக்கும் தாங்கும். ஆனால் அதன்மேல் ரத்தம் கட்டிக்கொள்ளாமலிருக்க தினமும் மாத்திரை சாப்பிட வேண்டும், மாதா மாதம் ரத்தம் பரிசோதிக்க வேண்டும், அந்த மாத்திரையோடு குழந்தை பெற்றுக்கொள்வது ஆபத்து. யோசித்துவிட்டு வாருங்கள் என்றார். அதை அப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

ஊருக்கு வந்த அன்று மாலையே அத்தை வந்துவிட்டாள். எட்டு வருடமாக அடக்கிவைத்திருந்ததை அவிழ்த்துவிட்டாள். "அண்ணாமலையார் காலடியில இருந்துகினு பன்னிய நெஞ்சில வெச்சா தாங்குமாடா? அதான் சாமி தூக்கிப் போட்டுச்சு" என்று அப்பாவிடம் சொன்னாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு வந்த கோபத்தில் மூச்சுத் திணறலே மறந்துவிட்டது.

"பெருமாளே பன்னியா வந்து மண்ணத் தோண்டன ஊரு அத்தை இது" என்றேன். "சாமியோட அடியப் பாக்க முடியாம அவரே திரும்பிட்டாரு. எம் பன்னி எட்டு வருஷம் தாக்குப் பிடிச்சிருக்கு. அதுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு ஆவ வேண்டியதப் பாருங்க."

சமையலறையில் அம்மா சிரிப்பது கேட்டது. அத்தை காபியைக் குடிக்காமலே போய்விட்டாள்.

ஆனால் மறுநாளே திரும்பி வந்தாள். உலோக வால்வு விஷயத்தை அதற்குள் அப்பா அவளிடம் சொல்லியிருந்தார். இப்போது அவள் பேச்சே வேறு. இரும்பு வைத்தால் பிள்ளை பெற முடியாதாம், யார் கட்டுவான், பேசாமல் அந்தப் பன்றியையே வைக்கச் சொல் என்றாள். ஒரே ராத்திரியில் பன்றிக்கு இத்தனை மரியாதை கூடிப்போனதைப் பார்த்து அசந்துபோனேன். நேற்று சாமி குத்தம், இன்று குலம் தழைக்க வந்த தெய்வம். அப்பா அதற்கும் தலையாட்டினார். இத்தனை பேச்சும் என் எதிரில்தான் நடந்தது. உனக்கு எது வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. என்னமோ அவர் கடைக்கு வந்த படம் மாதிரி, எந்த பிரேம் போடலாம் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்த மூன்று வாரமும் எனக்குத் தூக்கமில்லை. இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்தபடி யோசித்துக்கொண்டே இருப்பேன். எனக்குக் குழந்தைகள் பிடிக்கும். கல்யாணம் வேண்டாம் என்று சபதம் எடுத்தவளும் இல்லை. வெறும் வீம்புக்குச் சொன்னதாக யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஆனால் முதல் ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது, தொண்டையில் குழாயோடு, அம்மா என்று கூப்பிட வாய் வராமல் கிடந்தது நினைவிருந்தது. அதைத் தெரிந்தே இரண்டாவது முறை தாங்கலாம், உயிர் வேண்டுமே. மூன்றாவது முறைக்கு இப்போதே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். யாருக்காக?

குறித்த நாளில் பெரிய டாக்டரின் அறையில் உட்கார்ந்தோம். மேஜைக்கு எதிரில் அப்பா, பக்கத்தில் நான், பின்னால் அம்மா நின்றுகொண்டிருந்தாள். எந்த வால்வு என்று முடிவு பண்ணினீர்களா என்று டாக்டர் கேட்டார்.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "முன்ன வெச்ச மாதிரியே வெச்சிடுங்க சார். பொம்பளப் புள்ள. நாளைக்கு ஒருத்தன் கையில புடிச்சுக் குடுக்கணும்."

டாக்டர் எழுதப் போனார். அந்தப் பேனா காகிதத்தைத் தொடுவதற்குள் பேசாவிட்டால் அப்புறம் எப்போதும் பேச முடியாது என்று தோன்றியது.

"எழுதாதீங்க சார்" என்றேன். "இன்னும் வராத மாப்பிளைக்காக எந்நெஞ்ச மூணாவது தடவ கீற வேணாம். எனக்கு இரும்பு வெய்ங்க."

அப்பா என் கையைப் பிடித்து அழுத்தினார், சும்மா இரு என்பதுபோல. நான் கையை உருவிக்கொண்டேன். அதற்கு முன்பு அப்பாவிடம் அப்படிச் செய்ததில்லை.

டாக்டர் என்னை முதல் முறையாகப் பார்த்தார். சினிமாவில் வருவதுபோல் சபாஷ் என்றெல்லாம் சொல்லவில்லை. கொஞ்சம் எரிச்சலாகவே பேசினார். இது ஒரு நாள் சமாச்சாரமில்லை, ஒரு வேளை மாத்திரை மறந்தாலும் ரத்தம் கட்டிக்கொண்டு மூளைக்குப் போகலாம், கை கால் விழலாம், மாத்திரை ஜாஸ்தியானால் ரத்தம் நிற்காது, உங்கள் ஊரில் அந்தப் பரிசோதனைகூடச் சரியாகச் செய்ய மாட்டார்கள், ஞாபகமிருக்குமா என்று அடுக்கிக்கொண்டே போனார். அந்தப் பழைய காய்ச்சல் திரும்ப வராமலிருக்க எட்டு வருடமாக இருபத்தோரு நாளுக்கு ஒருமுறை இடுப்பில் பென்சிலின் ஊசி போட்டுக்கொள்கிறேன், தீபத்தன்றுகூடக் கூட்டத்தை முட்டிக்கொண்டு போய்ப் போட்டிருக்கிறேன், ஒன்றுகூடத் தவறியதில்லை, பைலைப் பாருங்கள் என்றேன். பார்த்தார். புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

பிறகு நாற்காலியில் சாய்ந்து, "இப்ப உனக்குப் பதினேழு. இருபத்தஞ்சு வயசுல வந்து, ஏன் சார் அன்னிக்கு எம் பேச்சக் கேட்டீங்கன்னு எங்கிட்ட சண்டை போடுவ" என்றார்.

"அப்ப உசுரோட வந்துதான சார் சண்டை போடுவேன்" என்றேன்.

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பின்னாலிருந்து அம்மா, அதுவரை அந்த ஆஸ்பத்திரியில் பெயர், வயது தவிர வேறெதுவும் பேசாத அம்மா, "அவ சொல்றத எழுதுங்க" என்றாள். குரலை உயர்த்தவில்லை. அப்பா திரும்பி அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை, டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் எழுதினார். சம்மதப் படிவத்தில் அப்பா கையெழுத்துப் போட்டார். எழுத்து கோணிக்கொண்டு போனது, ஆனாலும் போட்டார். பிறகு டாக்டர் அந்தத் தாளை என் பக்கம் நகர்த்தினார். பதினெட்டு ஆகாததால் உன் கையெழுத்துச் சட்டப்படி செல்லாது, இருந்தாலும் கீழே போடு என்றார். போட்டேன். பேனாவை அழுத்திப் போட்டதில் அடியில் இருந்த தாளிலும் பதிந்துவிட்டது.

ஆபரேஷனைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தூங்கிக்கொண்டிருந்தது நான், தவித்தது வெளியில் இருந்தவர்கள். இரண்டாவது முறை திறக்கும்போது உள்ளே எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்குமாம், பிரித்தெடுக்கவே பாதி நேரம் போய்விட்டதாம். காலையில் உள்ளே போனவள் பொழுது சாய்ந்துதான் வெளியே வந்தேன். கண் விழித்ததும் பழையபடி தொண்டையில் குழாய், பழையபடி பேச முடியவில்லை. ஆனால் இந்த முறை நான் கேட்டு வந்து படுத்திருக்கிறேன் என்ற நினைப்பு இருந்தது. வலிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். நன்றாகவே வலித்தது.

ஊருக்குத் திரும்பிய பிறகு முதல் பௌர்ணமிக்கு முந்தின நாள், உடம்பு தேறியதும் வேண்டுதலைத் தொடர வேண்டும் என்று அத்தை ஆரம்பித்தாள். வேண்டிக்கொண்டவர்தானே நடக்க வேண்டும், நான் யாரிடமும் எதுவும் வேண்டிக்கொள்ளவில்லையே என்றேன். சும்மா வாய்த்துடுக்காகச் சொன்னதுதான். மறுநாள் விடியற்காலையில் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, கடையைத் திறக்காமலே கிளம்பிப் போனார். மத்தியானம் காலெல்லாம் கொப்புளமாக வந்து உட்கார்ந்தார். அம்மா வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து ஒரு பௌர்ணமிகூட அவர் தவறவிட்டதில்லை. அந்த டாக்டரின் அறையில் நடந்ததைப் பற்றி நானும் அவரும் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

பத்து வருடம் ஓடிவிட்டது. முதல் சில வருடங்கள் ரத்தப் பரிசோதனைக்காக மாதா மாதம் வேலூருக்குப் பஸ் ஏறினேன். இப்போது எங்கள் ஊரிலேயே பார்க்கிறார்கள். ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். வரன்கள் வந்தன. ஒவ்வொரு முறையும் பஜ்ஜித் தட்டை வைப்பதற்கு முன்பே விஷயத்தைச் சொல்லிவிடுவேன். அத்தை தலையில் அடித்துக்கொள்வாள். இரண்டு பேர் பஜ்ஜியை மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள், ஒருவர் அதுவும் சாப்பிடவில்லை. இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

டாக்டர் சொன்ன அந்த இருபத்தைந்து வயதும் வந்தது. அந்த வருடம்தான் அத்தை மகளுக்குக் குழந்தை பிறந்தது. தொட்டில் போடுகிற அன்று குழந்தையை ஒவ்வொரு மடியாக மாற்றிக்கொண்டே வந்தார்கள். என்னிடம் வந்தபோது அத்தையின் கை தயங்கியது. அரை நொடிதான். நானே எழுந்து வாங்கிக்கொண்டேன். வெதுவெதுப்பாக, இவ்வளவு லேசாக இருக்குமா என்று இருந்தது. அன்று வீட்டுக்கு வந்ததும் அழுதேன். எனக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால் அது நான்கு மாதம் சொன்ன பொய்யைவிடப் பெரிய பொய். அழுது முடித்துவிட்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தேன்.

மூன்றாவது முறை யாரும் என்னைத் திறக்கவில்லை. என் வயதில், என்னைப்போலவே இரண்டாவது ஆபரேஷனுக்கு வந்து பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த பெண் ஒருத்தி, மறுபடியும் மிருக வால்வே வைத்துக்கொண்டாள். அவளுக்கு இப்போது ஒரு பையன். மூன்றாவது ஆபரேஷனும் முடிந்துவிட்டது. நல்லபடியாக இருக்கிறாள், கடிதம் போடுவாள். அவள் செய்தது தப்பு, நான் செய்தது சரி என்று நான் சொல்லவரவில்லை. அவளிடம் கேட்டார்களாம், அவள் சொன்னாளாம். எனக்கு வேண்டியிருந்தது அந்தக் கேள்வி மட்டும்தான். யாரும் கேட்காததால் நானே பதிலைச் சொல்ல வேண்டியதாயிற்று.

உலோக வால்வு வைத்தவர்களின் நெஞ்சிலிருந்து கடிகாரம்போல ஒரு சத்தம் வரும். பரீட்சை ஹாலில் நான் மேற்பார்வைக்கு நின்றால் முன் பெஞ்சுப் பிள்ளைகள் நிமிர்ந்து சுவரைப் பார்ப்பார்கள், அங்கே கடிகாரம் இருக்காது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிற பெண்கள், "உங்க வாச்சு இம்மா சத்தமாவா ஓடுது?" என்று கேட்பார்கள். விஷயத்தைச் சொன்னால் ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டுவார்கள். அவர்கள் பாவப்படுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. பதினேழு வயதில் அத்தனை பேர் முன்னாலும் வாயைத் திறந்து நான் கேட்டு வாங்கிய சத்தம் அது.